சாம்பார் டப்பாவில் வந்த ஆயில் ஃபில்டர்

பழைய ஆயில் ஃபில்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நான் பட்ட பாட்டை எங்கள் ஷெட்டில் இன்றுவரை யாரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நெஞ்சு வலிக்கிறது என்று நான் சொன்னால்கூட, "அப்பறம், இன்னா ஆச்சி?" என்று கதை கேட்க உட்கார்ந்துவிடுகிற கும்பல் அது. அப்படிப் பழக்கி வைத்தவன் நானேதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகடுகளை வளைத்து, வெல்டிங் வைத்து, பெரிய பெரிய தொட்டிகள் செய்கிற கம்பெனியில் எனக்குக் கிரைண்டர் வேலை. வெல்டர் மேடு பள்ளமாக வைத்துவிட்டுப் போன இடத்தையெல்லாம் நான் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூக்கைச் சிந்தினால் இரும்புத் தூள் வரும். இந்தத் தகவலை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் மறந்துவிட்டேன்.

என் மகளைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புகுந்த வீட்டில் வளைகாப்பு. நாங்கள் சீர்த்தட்டோடு போய், வளையல் போட்டு, சாயங்காலமே அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். போன முறை போயிருந்தபோது சம்பந்தி என் பழைய காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல டயரைக் காலால் தட்டினார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்:

"வாடகை கார் ஒண்ணு சொல்லிட்டா நைனா? வயித்துப் புள்ளக்காரி பாருங்க."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. என் வண்டி என் மகளைவிடக் கொஞ்சம்தான் இளையது. எத்தனை கை மாறி வந்தது என்று அதற்கே தெரியாது. ஆனால் பத்துப் பேர் நடுவில் கேட்டுவிட்டாரே! நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னேன்:

"எம் பொண்ணு எங்க ஊட்டுக்கு எங்க வண்டிலதான் சம்மந்தி வருவா. வாடகை வண்டில வர்றதுக்கு அவ இன்னா சவாரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. பெருமை ஊருக்கு வெளியே வரும்போதே வடிந்துவிட்டது. திருத்தணி தாண்டுவதற்குள் வண்டியின் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியிருந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுவாயல் கூட்டு ரோட்டு மெக்கானிக்கிடம் விட்டு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். அவர் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சோக்கா கீது. பயப்படாம போய்க்கினு வா" என்றார். புத்தியுள்ளவனாக இருந்தால் அதோடு வீட்டுக்குப் போயிருப்பான். எனக்கோ ஒரு வாரத்துக்கு முன்னால் கம்பெனி பஸ்ஸில் பார்த்த வீடியோ ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் ஆள் தூங்கியதால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்த வீடியோ. அதில் ஒரு வெள்ளைக்காரர் கழற்றிப்போட்ட பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்பு மடிப்பான காகிதத்தை ஆர்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி விரித்து, வெளிச்சத்தில் பிடித்தார். காகிதம் வெறும் கறுப்பாக இருந்தால் சிரித்தார். மினுமினுத்தால் தலையில் கை வைத்தார். எனக்கு இது போதாதா? எஞ்சினுக்குள் எது தேய்ந்தாலும் அந்தத் தூள் எண்ணெயோடு வந்து ஃபில்டர் காகிதத்தில்தான் சிக்கும். ஆக, எஞ்சினின் ஜாதகம் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. அந்த மனிதர் வாய் ஓயாமல் பேசியதையும், நடுவில் ஒரு தடவை விரலை ஆட்டி எதையோ செய்யாதே என்று எச்சரித்ததையும் பார்த்தேன். என்னவென்று கேட்கத்தான் இல்லை.

"அந்தப் பழய ஃபில்டர குடுங்க" என்றேன்.

"அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"ஞாபகார்த்தமா ஊட்ல வெச்சிக்கிறேன்."

அவர் அதைக் கவிழ்த்து எண்ணெயை வடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். என்னிடம் இப்படித்தான் எல்லோரும் நடந்துகொள்வார்கள்.

வீட்டில் என் மனைவி சீர்த்தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து தேங்காய்க்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தாள். கூடமெல்லாம் சரிகைத் துணி, பசை, அட்டை. நான் சத்தம் காட்டாமல் ஆணியில் தொங்கிய கட்டைப்பையை எடுத்து ஃபில்டரை அதற்குள் போட்டேன். காலையில் அதே பையில் சாப்பாட்டையும் வைத்துக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பினேன். அவள் கடைக்குப் போய் அலங்காரச் சாமான் வாங்கிவந்த பை அதுதான். அதெல்லாம் அப்போது என் கவனத்தில் இல்லை.

கம்பெனி வாசலில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். பையைச் சோதிப்பது வெளியே போகும்போதுதான். இரும்பை உள்ளே கொண்டுவருகிறவனை யார் தடுப்பார்கள்?

டீ இடைவேளையில் வேலையை ஆரம்பித்தேன். உடன் இருந்தது என் ஜோடி வெல்டர். ஆர்.கே.பேட்டைக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். உறவு எதுவும் கிடையாது, ஆனாலும் என்னை மாமா என்பான். ஃபில்டரை மேசையில் பொருத்திய இடுக்குப்பிடியில் இறுக்கி, கையடக்கக் கிரைண்டரில் வெட்டுச் சக்கரம் மாட்டிச் சுற்றிலும் ஒரு இழு இழுத்தேன். எங்கள் ஊரில் எதையும் அப்படித்தான் திறப்போம். பூட்டுச் சாவி தொலைந்தால் கிரைண்டர். பலாப்பழத்துக்குக் கொண்டுவராதது கரண்ட் ஒயர் எட்டாததால்தான். தீபாவளி மாதிரி பொறி பறந்தது. மேல் மூடி கழன்றது. காகிதச் சுருளை உருவிக்கொண்டு ஷெட் வாசல் வெயிலுக்குப் போய் மடிப்பை விரித்தேன்.

மினுமினுப்பு என்றால் அப்படி இப்படி இல்லை. கறுப்புப் பட்டில் வைரத்தூளைக் கொட்டியதுபோல் கண்ணைப் பறித்தது.

வெயிலுக்கு இன்னும் கிட்டே பிடித்தேன். மினுமினுப்பு கூடியது.

"இன்னா மாமா, இப்டி ஜொலிக்குது?" என்றான் அவன்.

"இதான்டா எஞ்சினு."

"எஞ்சினு வண்டிலதான கீணும்? இங்க இன்னா பண்ணுது?"

"அத்தான்டா நானும் கேக்குறேன்! உள்ள பேரிங்கு தேஞ்சி தூள் தூளா வந்துக்கீது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்னா எஞ்சினு அப்டியே புடிச்சிக்கும். நாளைக்கி இதுல எம் பொண்ண உக்கார வெச்சி கூப்டுகினு வரணும்டா!"

என் குரல் உடைந்துபோயிருந்தது. மெய்யாகவே உடைந்திருந்தது. அவன் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். பிறகு திரும்பி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை நோக்கிக் கூவினான்:

"டேய், இங்க வாங்கடா! மாமா அழுவுற மாரி இன்னா சூப்பரா பண்ணுது பாருங்க!"

எல்லோரும் வந்தார்கள். ஒருவன் கை தட்டினான். இன்னொருவன் காகிதத்தைத் தொட்டுப் பார்த்து, "மாமா ஊட்ல நகைக்கடை வெச்சிக்கீறாரு" என்றான். நான் கோபப்பட்டுக் கத்தினேன். அது அதைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

சூபர்வைசரிடம் ஓடினேன். அரை நாள் அனுமதி கொடுத்தால் வெளியே போய் ஏதாவது ஒரு வாடகைக் காரையாவது பிடிப்பேன். மறுநாள் முகூர்த்த நாள். நேரமாக ஆக ஒரு வண்டியும் மிஞ்சாது. பெருமை போனால் போகட்டும், மகள் பத்திரமாக வரட்டும் என்கிற அளவுக்கு இறங்கியிருந்தேன்.

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "போன மாசம் உன் மாமியாருக்கு சீரியஸ்னு போன. அதுக்கு மின்னாடியும் அவங்களுக்குதான் சீரியஸு. இப்ப வண்டிக்கு சீரியஸா?"

"சார், இது மெய்யாலுமே சார்."

"அப்ப மாமியாருது?"

அதற்குப் பதில் சொன்னால் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஷிப்ட் முடிகிற நேரம் வந்தது. எனக்கு மாற்றாக வரவேண்டிய ஆள் வரவில்லை. மாற்றாள் வந்து கிரைண்டரைக் கையில் வாங்கும்வரை நாம் நகரக் கூடாது என்பது எங்கள் ஷெட் சட்டம். அன்றைக்கு லோடு ஏற வேண்டிய தொட்டி ஒன்று பாக்கி இருந்தது. உள்பக்கத் தையலைத் தேய்க்க வேண்டும். உள்பக்கம் என்றால் உள்ளேதான். ஆள் நுழைகிற துளை வழியாக முதலில் காலை விட்டு, இடுப்பை ஒடித்து, கடைசியாகத் தலையை இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். என் தொப்பை அதில் நுழைவதே தனி வித்தை.

உள்ளே ஒரு விளக்கு, ஒரு கிரைண்டர், நான், என் பயம். நாலு பேருக்கு இடம் போதவில்லை.

யாராவது தொட்டிக்குள் இறங்கினால் வெளியே ஒருவன் துளையருகில் காவல் உட்கார வேண்டும். அவன் அவ்வப்போது சுத்தியலால் வெளித்தகட்டைத் தட்டுவான். உயிரோடு இருந்தால் உள்ளே இருப்பவன் திருப்பித் தட்ட வேண்டும். அன்றைக்குக் காவல் என் ஜோடி வெல்டர்தான்.

டொக், டொக்.

அந்தச் சத்தம் எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? பேரிங் போன எஞ்சின் தட்டுகிற மாதிரியே கேட்டது. கண்ணை மூடினால் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் இரண்டு கை நிறைய வளையலோடு மகள். ஆர்.கே.பேட்டை தாண்டும்போது எஞ்சின் ஒரு தட்டுத் தட்டி நிற்கிறது. நடு ரோடு, இரண்டு பக்கமும் கரும்புக் கொல்லை, வெயில். எங்கிருந்தோ ஒரு மொபெட் வருகிறது. சம்பந்தி. காலை ஊன்றி நின்று மிக மரியாதையாகக் கேட்கிறார்: "வாடகை கார் ஒண்ணு சொல்லிட்டா நைனா?"

சரி, ஆர்.கே.பேட்டை வேண்டாம், திருத்தணி ஏற்றத்தில் நிற்கட்டும் என்று மனதை மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் மொபெட் வந்தது. திருவள்ளூர் பஸ் நிலையத்து நெரிசலில், பின்னால் நாற்பது ஹாரன் அடிக்க, அந்தக் கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு மொபெட் வந்தது. பெரியபாளையத்தில் மகளுக்கு அங்கேயே வலி எடுத்துவிட்டது. நான் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து மருத்துவச்சி தேடிப் போகிறேன். இந்தக் காலத்தில் மருத்துவச்சிக்கு எங்கே போவேன்? பயம் வந்தால் எனக்குப் புத்தி ஐம்பது வருடம் பின்னால் போய்விடுகிறது.

டொக், டொக்.

"மாமா! கீறியா, பூட்டியா?"

"கீறேன்டா."

"வாயால சொன்னா செல்லாது. தட்டு."

தட்டினேன்.

"மாமா, எங்க ஊராண்ட வண்டி நின்னுச்சின்னா எங்க ஊட்டாண்ட வந்துடு. கோழி அடிச்சி போடச் சொல்றேன்."

"டேய், நீயாவது நம்புடா."

"நம்பாமதான் கோழி அடிக்கச் சொல்வனா? நாட்டுக்கோழி மாமா."

துளை வழியாக அவனுடைய முகம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. முழுக்கச் சிரிப்பு. இருபது வருடமாக நான் அடித்த ஜோக்கெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வெல்டிங் வைத்து இந்தத் தொட்டியாக ஆகிவிட்டது, நான் உள்ளே இருக்கிறேன், துளை சின்னதாகிக்கொண்டே போகிறது என்று தோன்றியது. இப்படியெல்லாம் தோன்றியதை வெளியே சொன்னால் அதற்கும் கை தட்டுவார்கள். பேசாமல் கிரைண்டரைப் போட்டேன். விளக்கு வெளிச்சத்தில் தூள் பறந்து தலையிலும் புருவத்திலும் மினுமினுவென்று படிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஐயோ, என் எஞ்சினுக்குள்ளும் இப்படித்தானே பறந்திருக்கும்" என்று வருத்தப்பட்டேன். கடவுள் மேலிருந்து பார்த்திருந்தால் அவரே சுத்தியல் எடுத்து என் மண்டையில் தட்டியிருப்பார்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கை காலைக்கூடக் கழுவவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கூடுதல் நேரம் பார்த்தவர்களுக்கான பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

வாசலில் செக்யூரிட்டி அம்மா. என் மனைவி வயது இருக்கும். காக்கி உடைக்கு மேலே மல்லிகைப் பூ. அவர் கையிலிருந்த சோதனைக் கருவியைப் பையருகில் கொண்டுபோனதும் அது அலறியது.

"இன்னாண்ணா இது?"

"ஆயில் ஃபில்டரும்மா. என் வண்டிது."

"உள்ள வரசொல்ல நோட்ல எழுதி வெச்சியா?"

"இல்லியே."

"எழுதாம உள்ள வந்த இரும்பு கம்பெனி இரும்புண்ணா. வெளிய உடமுடியாது."

"அப்ப என்னியும்தான் எழுதல. நானும் கம்பெனி இரும்பா?"

"நீ மெஷின்ல விரல் வெச்சிட்டு உள்ள வந்த. அதுவும் விரல் வெக்கட்டும், உட்டுடறேன்."

வேறு நாளாக இருந்தால் இந்தப் பதிலுக்கு அவருக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. "யம்மா, இத்த மெக்கானிக்கு கைல காட்டணும்மா. நாளைக்கி வயித்துப் புள்ளக்காரிய கூப்டுகினு வரணும். எஞ்சினு தேஞ்சி போச்சி, பாரு" என்று செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினேன்.

அந்த அம்மா விரலால் தொட்டார். விரல் நுனி மினுமினுத்தது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், தலை முதல் கால் வரை, நிதானமாக.

"எத்த வெச்சி இத்த அறுத்த?"

"கிரைண்டர்லதான்."

"அப்ப உன் எஞ்சினும் தேஞ்சிப் போச்சாண்ணா? உன் மூஞ்சி பூரா அதே தூளுதான கீது?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கையைத் தூக்கிப் புருவத்தைத் தடவிப் பார்த்தேன். விரலில் வந்தது. காகிதத்தைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன்.

இரும்பு டப்பாவைக் கிரைண்டரால் அறுத்தால் இரும்புத் தூள் விழும். பிறந்த குழந்தைக்குத் தெரியாது, சரி. இருபது வருடமாக அந்தத் தூளை நாஷ்டாவோடு சேர்த்துத் தின்றவனுக்குத் தெரிய வேண்டாமா? அந்த வெள்ளைக்காரர் விரலை ஆட்டி எதைச் செய்யாதே என்று சொன்னார் என்பது அந்த நிமிடம் எனக்கு அட்சர சுத்தமாகக் காதில் விழுந்தது.

"யம்மா, பஸ்ஸ கொஞ்சம் நிக்கச் சொல்லு!" என்று கத்திவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். தகடுகளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்க நாங்கள் வைத்திருக்கும் காந்தக்கட்டையை எடுத்து, ஒரு துணியில் சுற்றி, காகிதத்தின் மேலே பிடித்தேன். மினுமினுப்பெல்லாம் எறும்புக் கூட்டம் மாதிரி எழுந்து நின்று துணியில் தாவி ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை வெளிச்சத்தில் பார்த்தேன். பொறி பட்டுக் கருகிச் சுருண்ட தூள், நடுநடுவே டப்பாவின் ஆரஞ்சுப் பெயின்ட். என் கைவேலைதான். அந்த ரகத்தை நான் இருட்டில்கூடச் சொல்லுவேன். வெட்டுப்பட்ட ஓரத்தில்தான் அத்தனையும் கிடந்தது. மடிப்பின் அடிவரை விரித்தால் வெறும் கறுப்பு.

சிரித்தேன். தனியாக, அந்தப் பெரிய ஷெட்டில், பேய் மாதிரி.

சிரிப்பு பாதியில் நின்றது. காந்தம் எடுத்துப்போனபின் காகிதத்தில் இரண்டு மூன்று துணுக்குகள் மிஞ்சியிருந்தன. மஞ்சளாக, பொன்னாக. காந்தத்தை மேலே கொண்டுபோனேன். அசையவில்லை. ஒட்டிவைத்துப் பார்த்தேன். அசையவே இல்லை.

இரும்பு இல்லை. மஞ்சள். பேரிங் தகட்டுக்குள் செம்பு இருக்கும், மேல்பூச்சு தேய்ந்து தேய்ந்து அந்தச் செம்பு வெளியே வந்தால் எஞ்சினுக்குக் கடைசிக் காலம் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லுவான். தொட்டியின் துளை மறுபடியும் மூடிக்கொண்டது.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நான் ஃபில்டரோடு வாசலுக்கு ஓடினேன். அந்த அம்மா இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"இரும்பு போவாதுண்ணா. எத்தினிவாட்டி சொல்றது?"

"இதுல இருக்குற காய்தம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "காய்தம் போவும். காய்தத்துக்கு இன்னா சட்டம்?"

உடனே அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். டப்பாவையும் மூடியையும் உள்குழாயையும் வாசலோரம் கழிவு இரும்பு போடும் தொட்டியில் போட்டேன். எண்ணெய்க் காகிதத்தை மட்டும் பிய்த்து மடித்தேன். கையில் இருந்த ஒரே மூடிபோட்ட பாத்திரம் சாம்பார் டப்பா. அதில் திணித்து மூடினேன். சோதனைக் கருவி டப்பாவுக்கு ஒரு சின்னச் சத்தம் போட்டது. எவர்சில்வர். அதற்கு அனுமதி உண்டு. பஸ்ஸில் ஏறியபோது என் ஜோடி வெல்டர் இடம் போட்டு வைத்திருந்தான்.

"டப்பால இன்னா மாமா?"

"எஞ்சினு."

"மிச்சம் வெச்சிட்டியா?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வாடகைக் கார்க்காரர்களுக்குப் போட்டேன். எடுத்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்ததுபோல, "முகூர்த்தம் சார், ஒரு மாசத்துக்கு மின்னாடியே சொல்லணும்" என்றார்கள். வாசல்படியில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்தேன். அது ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து ஒரு கூச்சல். பாத்திரம் விழுந்து உருண்டது.

"யோவ்! இன்னாயா சாம்பாரு இது?"

ஓடினேன். என் மனைவி, கழுவத் திறந்த டப்பாவைத் தூரத்தில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி மறைக்க முடியாது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். ஃபில்டர், தூள், காந்தம், செம்பு, ஆர்.கே.பேட்டை, மொபெட். சொல்லி முடிக்கும்போது அழுதேவிட்டேன். என்னை உலகத்தில் ஒருத்தியாவது நம்ப வேண்டுமே! அவள் நம்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

"எங்க, காட்டு."

காகிதத்தை விளக்கடியில் விரித்தேன். அந்த மஞ்சள் துணுக்குகளை நகத்தால் சுட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றை விரல் நுனியில் ஒற்றி எடுத்தாள். விளக்கில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். அவள் முகத்தில் வெளுப்புப் போய் வேறொன்று ஏறியது. இருபத்தைந்து வருடமாக எனக்குத் தெரிந்த முகம்.

"எந்தப் பைல எடுத்துக்கினு போன?"

"ஆணில மாட்டினு இருந்தது."

அவள் என் காதைப் பிடித்து விளக்கடிக்கு இழுத்தாள். காது மடலிலிருந்து ஒன்று, தலைமுடியிலிருந்து ஒன்று, சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒன்று எடுத்து, என் உள்ளங்கையில் வரிசையாக வைத்தாள். எல்லாம் மஞ்சள். எல்லாம் பொன்.

"சீர்த்தட்டுக்கு வாங்கின ஜிகினாயா. பைல பாக்கெட்டு கீஞ்சி கொட்டிச்சி. ராத்திரி இந்தக் கூடத்துலயேதான உருண்டு பொரண்டு தூங்கின?"

நான் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவேனா? அடுப்பைப் பற்றவைத்து, காகிதத்தில் இருந்த துணுக்கு ஒன்றை இடுக்கியின் நுனியில் ஒட்டித் தீயில் காட்டினேன். சுருண்டு, உருகி, ஒரு புகைநூலாகப் போய்ச் சேர்ந்தது. பிளாஸ்டிக். எந்தக் கம்பெனிக்காரனும் எஞ்சினுக்கு ஜிகினா பேரிங் போட்டு அனுப்புவதில்லை.

"வண்டி நல்லாதான் கீது. உனுக்குதான் ஆயில் மாத்தணும்" என்றாள். பிறகு சாம்பார் டப்பாவை என் கையிலேயே கொடுத்து, வாசலுக்குப் போய் மண் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகப் பாத்திரம் தேய்த்தது கிடையாது.

மறுநாள் பள்ளிப்பட்டில் வளைகாப்பு நன்றாக நடந்தது. ஜிகினா ஒட்டிய தட்டுகளைப் பெண்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் தூர நின்றுகொண்டேன். சாயங்காலம் புறப்படும்போது சம்பந்தி வழக்கம்போல டயரைத் தட்டினார்.

"எஞ்சினெல்லாம் பாத்துட்டிங்களா நைனா?"

"உள்ள இருக்கிற காய்தம் வரிக்கும் பாத்துட்டேன் சம்மந்தி" என்றேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்து அவர் தோளில் தட்டிச் சிரித்தார்.

தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று சொல்பவர்கள் மகளை வைத்து வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். ஆர்.கே.பேட்டை வரும்போது என் கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டது. கரும்புக் கொல்லை அப்படியே நான் தொட்டிக்குள் பார்த்த மாதிரியே இருந்தது. பின்னால் ஒரு மொபெட் ஹாரன் அடித்தது. எனக்கு வேர்த்துவிட்டது. யாரோ ஒரு பெரியவர், புல்லுக்கட்டோடு எங்களை முந்திக்கொண்டு போனார்.

"ப்பா, புல்லுக்கட்டுகூட நம்மள தாண்டிப் போவுது" என்றாள் மகள் பின் சீட்டிலிருந்து.

"அது காலி வண்டிம்மா. நம்முது லோடு வண்டி."

அவள் சிரித்தாள். வளையலெல்லாம் சேர்ந்து குலுங்கியது. ஒரு நொடி எஞ்சினுக்குள் என்னவோ உடைந்துவிட்டதோ என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். என் மனைவி பக்கத்துச் சீட்டிலிருந்து, "அது வளையலுயா, ஓட்டு" என்றாள். திருத்தணி ஏற்றம் வந்தது, போனது. திருவள்ளூர் நெரிசலும் போனது. பெரியபாளையத்தில் மகள் தூங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அம்மா ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். மகளை இறக்கி நிறுத்தினோம். சுற்றி முடித்ததும், சிவப்புத் தண்ணீரைத் தெருவில் கொட்டப் போன தட்டை என் மனைவி வாங்கி, வண்டியின் பானெட்டுக்கு நேராக ஒரு தரம் சுற்றி, நம்பர் பலகைமேல் ஒரு பொட்டும் வைத்தாள்.

"எனுக்கு?" என்றேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு? உன்னால ஊருக்குதான் திஷ்டி."

எல்லோரும் உள்ளே போனார்கள். மகளின் குரலும் வளையலும் வீட்டுக்குள்ளிருந்து கேட்டன. நான் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பானெட்டைத் திறந்து ஆயில் அளவுக் கம்பியை உருவினேன். தெளிவாக, தேன் மாதிரி இருந்தது. துடைக்கத்தான் துணி இல்லை. வண்டிக்குள் கைவிட்டுத் துழாவினேன். சீர்த்தட்டுக்கு அடியில் விரித்த செய்தித்தாள் துண்டு ஒன்று வந்தது, ஓரத்தில் ஜிகினா. அதை ஊதித் தள்ளிவிட்டுத் துடைத்தேன்.